பாதி மாத்திரை

பெரியம்மா அதன் பெயரைச் சொல்லிக் கேட்டதே இல்லை. எப்போதும் ‘பாதி மாத்திரை’தான். ராத்திரி சாப்பாடு முடிந்து, வாசல் கதவைத் தாழ் போட்டு, அடுக்களை விளக்கை அணைத்துவிட்டு வந்து கட்டிலில் உட்காருவார். “தம்பி, அந்தப் பாதி மாத்திரையை எடுத்துக் குடுடா.” பழைய தகர டப்பா ஒன்றில் அட்டை அட்டையாக இருக்கும். ஒரு வாய் தண்ணீர். அவ்வளவுதான்.

2004இல் பெரியப்பா போன மூன்றாம் நாள், துக்கத்துக்கு வந்திருந்த உறவுக்காரர் ஒருவர் கூட்டிக்கொண்டு வந்த டாக்டர் எழுதிக்கொடுத்தது அது. அல்பிரசோலம், 0.5 மில்லிகிராம், ராத்திரி பாதி. பத்து நாளைக்கு. அந்தச் சீட்டில் ‘பத்து நாள்’ என்பது தெளிவாகவே எழுதியிருந்தது. பிறகு நான் பார்த்தேன். அந்தப் பத்து நாள் பதினான்கு வருஷம் ஓடியது.

2018இல் ஒரு ராத்திரி இரண்டு மணிக்குக் கழிப்பறைக்குப் போனவர் நிலைப்படியில் விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். அப்போது அவருக்கு எழுபத்திரண்டு வயது. ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். பிரஷருக்கு என்ன மாத்திரை, சர்க்கரை உண்டா, எதற்காவது அலர்ஜி உண்டா என்று கேட்டார்கள். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னோம். பாதி மாத்திரையைச் சொல்லவில்லை. மறைக்கவில்லை, நினைவுக்கே வரவில்லை. அது மருந்து என்ற கணக்கில் எங்கள் வீட்டில் இருந்ததே இல்லை.

ஆபரேஷன் நன்றாக முடிந்தது. மூன்றாம் நாள் ராத்திரி பெரியம்மா சுவரில் எறும்பு ஊர்வதாகச் சொன்னார். கை நடுங்கியது, உடம்பெல்லாம் வேர்த்தது. என்னை யாரென்று தெரியவில்லை. “வயசானவங்களுக்கு ஆபரேஷனுக்கு அப்புறம் இப்படிக் கொஞ்சம் குழம்பும், சரியாயிடும்” என்றார்கள். விடியற்காலையில் வலிப்பு வந்தது. தலைக்கு ஸ்கேன் எடுத்தார்கள், ஒன்றுமில்லை. சோடியம் பார்த்தார்கள், சரியாகவே இருந்தது. இருபத்து மூன்று, இருபத்து நான்கு வயது இருக்கும், ஒரு ஹவுஸ் சர்ஜன் பெண் என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டாள். “சார், பாட்டி வீட்ல தூக்க மாத்திரை ஏதாவது போடுவாங்களா?”

“இல்லம்மா. பாதி மாத்திரை ஒண்ணு போடுவாங்க, அவ்வளவுதான்.”

“என்ன பாதி மாத்திரை?”

ஊருக்குப் போன் போட்டு டப்பாவை எடுத்துப் பார்க்கச் சொன்னபோதுதான் கணக்கே தெரிந்தது. பாதி என்பது பெயராக மட்டுமே மிஞ்சியிருந்தது. மத்தியானம் ஒரு முழு மாத்திரை, ராத்திரி ஒரு முழு மாத்திரை, சில நாட்களில் அதற்கு மேலும். நான் ஊருக்குப் போகும்போது இரண்டு அட்டை வாங்கிக் கொடுப்பேன். தங்கை போனால் அவள் இரண்டு. பக்கத்து வீட்டுப் பையன் சைக்கிளில் போய் இரண்டு. ஒருவர் வாங்கியது மற்றவருக்குத் தெரியாது. மருந்துக்கடையில் யாரும் சீட்டுக் கேட்டதில்லை. “பெரியம்மாவுக்குத்தானே” என்பார்கள். அவ்வளவு நல்ல பெயர் எங்கள் பெரியம்மாவுக்கு.

அந்தப் பெண் லோராசெபாம் ஊசி போட ஏற்பாடு செய்தாள். அன்று சாயங்காலமே பெரியம்மா என்னைப் பார்த்து, “சாப்ட்டியாடா?” என்று கேட்டார்.

அன்றிலிருந்து இந்த மருந்தின் கதையைத் தேடிப் படித்துக்கொண்டிருக்கிறேன். நான் டாக்டர் இல்லை. இரண்டிரண்டு அட்டையாக வாங்கிக் கொடுத்தவன். பெரியம்மாவுக்கு நடந்தது ஏதோ அபூர்வமான விபத்து என்றுதான் முதலில் நினைத்தேன். இல்லை. உலகம் இந்தப் பிழையை ஏற்கெனவே ஒருமுறை, மிகப் பெரிய அளவில், செய்து பார்த்திருக்கிறது.

*

பதற்றத்துக்கும் தூக்கமின்மைக்கும் மருந்து தேடுவது பழைய ஆசை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் புரோமைடு உப்புகளைக் கொடுத்தார்கள். 1903இல் ‘வெரோனால்’ சந்தைக்கு வந்தது. எமில் ஃபிஷரும் யோசஃப் ஃபான் மேரிங்கும் உண்டாக்கிய அதுதான் பார்பிச்சுரேட் குடும்பத்தின் முதல் தூக்க மருந்து. அடுத்த ஐம்பது வருஷம் பார்பிச்சுரேட்டுகளின் காலம். தூங்க வைக்கும் அளவுக்கும் மூச்சை நிறுத்தும் அளவுக்கும் அதிக தூரமில்லாத மருந்துகள் அவை. தூக்கம் வரவில்லையே என்று இன்னும் இரண்டு, மது குடித்த தலைமயக்கத்தில் போட்டதை மறந்து மறுபடி இரண்டு என்று போட்டவர்கள் எழுந்திருக்கவில்லை. 1962இல் மர்லின் மன்றோ இறந்ததும் பார்பிச்சுரேட்டால்தான்.

1955இல் ஃபிராங்க் பெர்கர் கண்டறிந்த மெப்ரோபமேட், ‘மில்டவுன்’ என்ற பெயரில் அமெரிக்காவில் வெளிவந்தது. மருந்துக்கடைகளில் ‘மில்டவுன் தீர்ந்துவிட்டது’ என்று எழுதி ஒட்டுமளவுக்கு ஓடியது. பைத்தியத்துக்கு அல்ல, ஆபீசுக்குப் போய்வரும் சாதாரண மனிதனின் சாதாரணக் கவலைக்கு ஒரு மாத்திரை விற்கலாம் என்பதை மில்டவுன்தான் மருந்து நிறுவனங்களுக்குக் கற்றுக்கொடுத்தது. போட்டிக்கு ஒன்று வேண்டும் என்று எல்லா நிறுவனங்களும் தங்கள் வேதியியலாளர்களை விரட்டின. நியூ ஜெர்சி மாநிலத்தின் நட்லி என்ற ஊரில் இருந்த ஹாஃப்மன்-லா ரோஷ் நிறுவனம் விரட்டியவர்களில் ஒருவர் லியோ ஸ்டெர்ன்பாக்.

ஸ்டெர்ன்பாக் 1908இல், இன்று குரோஷியாவில் உள்ள ஒபாட்டியாவில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தவர். அப்பா மருந்துக்கடைக்காரர். போலந்தின் கிராக்கோவ் பல்கலைக்கழகத்தில் வேதியியல் படித்து முனைவர் பட்டம் வாங்கி, அங்கேயே சாயப்பொருளுக்கு ஆகுமா என்று சில சேர்மங்களை ஆராய்ந்தார். சாயத்துக்கு ஆகவில்லை. பிறகு சுவிட்சர்லாந்து, அங்கே ரோஷில் வேலை. ஹிட்லரின் படை எப்போது எல்லையைத் தாண்டும் என்று தெரியாத 1941இல், நிறுவனம் தன் யூத விஞ்ஞானிகளை அமெரிக்காவுக்கு அனுப்பியது. ஸ்டெர்ன்பாக் மனைவியோடு நட்லிக்கு வந்து சேர்ந்தார்.

மில்டவுனுக்குப் போட்டி கேட்டபோது, அதையே கொஞ்சம் மாற்றிச் செய்து கொடுப்பது அவருக்குப் பிடிக்கவில்லை. இருபது வருஷத்துக்கு முன் கிராக்கோவில் விட்டுவந்த அந்தச் சாயச் சேர்மங்களைத் திரும்ப எடுத்தார். சுமார் நாற்பது பொருட்களைச் செய்தார். ஒன்றும் தேறவில்லை. போதும், ஆன்டிபயாட்டிக் வேலையைப் பாருங்கள் என்று மேலிடம் சொல்லிவிட்டது. 1957 வசந்தத்தில் அவருடைய உதவியாளர் ஏர்ல் ரீடர், இடமில்லாமல் நிரம்பிக் கிடந்த மேசையைச் சுத்தம் செய்யும்போது, பரிசோதனைக்கே அனுப்பாமல் கிடந்த ஒரு பொருளைப் பார்த்தார். நல்ல படிகமாக இருந்தது. எதற்கும் அனுப்பிப் பார்ப்போம் என்று அனுப்பினார்கள். அதன் எண் ஆர்.ஓ. 5-0690.

லோவெல் ராண்டல் என்ற மருந்தியலாளர் அதை எலிகளுக்கும் பூனைகளுக்கும் கொடுத்துப் பார்த்தார். தசை தளர்ந்தது, மூர்க்கம் அடங்கியது, ஆனால் மிருகம் விழித்திருந்தது. மில்டவுனைவிட நன்றாக வேலை செய்தது. அதற்குப் பிறகுதான் ஸ்டெர்ன்பாக் அந்த மூலக்கூறின் அமைப்பையே சரியாக ஆராய்ந்தார். மெத்திலமினோடு வினைபுரிந்தபோது, ஆறு அணுக்களாலான வளையம் எதிர்பாராமல் விரிந்து ஏழு அணு வளையமாகியிருந்தது. மற்ற நாற்பதுக்கும் இல்லாதது இந்த வளையம். குளோர்டயசெபாக்சைடு என்று பெயரிட்டார்கள். 1960இல் ‘லிப்ரியம்’ என்று கடைக்கு வந்தது. அதையே செதுக்கிச் செய்த டயசெபாம், 1963இல் ‘வேலியம்’ ஆயிற்று. நிறுவனத்தின் வழக்கப்படி காப்புரிமைக்காக ஸ்டெர்ன்பாக்குக்குக் கிடைத்தது ஒரு டாலர். அவர் அதைப் பற்றிக் குறைபட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை. தன்னையும் குடும்பத்தையும் ஐரோப்பாவிலிருந்து காப்பாற்றிய நிறுவனம் அது.

*

1969 முதல் 1982 வரை அமெரிக்காவில் மிக அதிகமாக எழுதிக்கொடுக்கப்பட்ட மருந்து வேலியம்தான். உச்சத்தில், 1978இல், சுமார் 230 கோடி மாத்திரைகள் விற்றன. அதை விற்ற விளம்பர மூளைகளில் முக்கியமானவர் ஆர்தர் சாக்லர். டாக்டர்களுக்கான இதழ்களில் வந்த அந்த விளம்பரங்களை இப்போது பார்த்தால் கூச்சமாக இருக்கிறது. முப்பத்தைந்து வயதாகியும் கல்யாணம் ஆகாத பெண், வீட்டு வேலையில் களைத்துப்போன பெண், பிள்ளைகள் வளர்ந்து வெளியேறிய பெண் என்று வாழ்க்கையே நோயாக வரையப்பட்டிருக்கும். ஆண்களைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு பெண்கள் இந்த மாத்திரையைச் சாப்பிட்டார்கள். புருஷனை இழந்த ஐம்பத்தெட்டு வயதுப் பெண்ணுக்கு மூன்றாம் நாளே சீட்டு எழுதிய கை எந்தப் பழக்கத்திலிருந்து வந்தது என்பது எனக்கு அந்தப் படங்களைப் பார்த்தபோது புரிந்தது.

ஆனால் விளம்பரத்தின் மேல் மட்டும் பழியைப் போட்டால் அது பொய்யாகிவிடும். மருந்து நிஜமாகவே நல்ல மருந்து. நிற்காமல் வரும் வலிப்பில் முதலில் எடுக்கும் ஊசி இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். ரணஜன்னியில் உடம்பு வில்லாக வளையும்போது, பூச்சிமருந்து குடித்தவருக்கு வலிப்பு வரும்போது, குடியை நிறுத்தியவருக்கு நடுக்கமும் பிரமையும் வரும்போது, இதுதான் உயிரைப் பிடித்து வைக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் இன்றியமையாத மருந்துப் பட்டியலில் டயசெபாம் இருப்பது சும்மா இல்லை. பார்பிச்சுரேட்டை ஒப்பிட்டால், இதை மட்டும் அதிகமாக விழுங்கியவர்களில் பெரும்பாலோர் பிழைத்துக்கொண்டார்கள். அதைப் பார்த்த டாக்டர்கள் நிம்மதியாக எழுதிக்கொடுத்ததில் அதிசயமில்லை.

ஏன் பிழைத்தார்கள் என்பது தெரிய 1977 வரை ஆயிற்று. மருந்து கடைக்கு வந்து பதினேழு வருஷம் கழித்து, டென்மார்க்கில் ஸ்கொயர்ஸும் பிரேஸ்ட்ரப்பும், பாசலில் மோலரும் ஒகாடாவும், தனித்தனியாக ஒரே விஷயத்தைக் கண்டுபிடித்தார்கள். இந்த மருந்து போய் உட்காருவதற்கென்றே மூளையில் ஓர் இடம் இருக்கிறது.

எங்கள் பக்கத்து வாய்க்கால் மதகை வைத்து இதை யோசித்தால் எனக்குப் புரிகிறது. மூளையின் நரம்பணுக்களை அடக்கிவைக்கும் வேலையைப் பெரும்பாலும் செய்வது காபா என்ற வேதிப்பொருள். காபா வந்து தொட்டால் நரம்பணுவின் சுவரில் ஒரு மதகு திறக்கும். குளோரைடு அயனிகள் உள்ளே பாயும். நரம்பணு அடங்கும். பென்சோடயசெபைன் மருந்துகள் அந்த மதகைத் தாமாகத் திறப்பதில்லை. திறக்கிற ஆளான காபா இருக்கும்போது, அவர் அடிக்கடி திறக்கும்படி செய்கின்றன. ஆள் இல்லாவிட்டால் மதகு திறக்காது. அதனால் எவ்வளவு விழுங்கினாலும் ஓர் எல்லை உண்டு. பார்பிச்சுரேட் அப்படியல்ல. மதகைத் திறந்தபடியே நெடுநேரம் பிடித்து வைக்கும். அளவு கூடினால் ஆளே இல்லாமல் தானாகவும் திறந்துவிடும். வெள்ளம் வந்துவிடும்.

இந்த எல்லை, மாத்திரையைத் தனியாக விழுங்கும்போதுதான் காவல். கூடவே மதுவோ, மார்ஃபின் வகை வலிநிவாரணியோ சேர்ந்தால் மூச்சு நின்றுபோகும். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2016இல் இந்தக் கூட்டுக்கு எதிராக, மருந்தின் குறிப்பேட்டில் கட்டம் கட்டி எச்சரிக்கை போட வைத்தது.

இன்னொன்றும் உண்டு. மதகு தினமும் இப்படி அடிக்கடி திறந்தால் மூளை சும்மா இருக்காது. அடக்கம் அதிகமாகிவிட்டது என்று கணக்குப் போட்டு, தன் பக்கத்தில் முடுக்கத்தைக் கூட்டிக்கொள்ளும். மதகுகளும் மருந்துக்கு முன்போல இணங்குவதில்லை. சில வாரங்களிலேயே தூக்கம் தரும் குணம் மங்கத் தொடங்குவது இதனால்தான். பாதி முழுதாவதும், ராத்திரி மாத்திரைக்கு மத்தியானமும் துணை வருவதும் இப்படித்தான். இந்த நிலையில் ஒருநாள் மருந்தைச் சட்டென்று நிறுத்தினால், அடக்குகிற கை போய்விடும், கூட்டி வைத்த முடுக்கம் மட்டும் மிஞ்சும். தூக்கமின்மை, நடுக்கம், வேர்வை, ஒளியும் சத்தமும் தாங்க முடியாமை, பிரமை, வலிப்பு. பெரியம்மாவின் மூன்றாம் நாள் ராத்திரி.

*

இது எப்போது தெரிந்தது என்று தேடிப்போனபோதுதான் எனக்கு அதிர்ச்சி. லிப்ரியம் வந்து ஒரே வருஷத்தில், 1961இலேயே தெரிந்திருந்தது.

அமெரிக்க மருந்தியலாளர் லியோ ஹாலிஸ்டர் 36 மனநோயாளிகளுக்கு நாளுக்கு 300 முதல் 600 மில்லிகிராம் வரை லிப்ரியம் கொடுத்து வந்தார். வழக்கமான அளவைவிடப் பல மடங்கு. மாதக்கணக்கில் சாப்பிட்ட பிறகு, அவர்களில் 11 பேரைத் திடீரென்று வெற்று மாத்திரைக்கு மாற்றினார். 10 பேருக்கு உபாதைகள் வந்தன. இருவருக்கு வலிப்பு வந்தது. அந்த வருஷமே கட்டுரையாக வெளியிட்டார்.

எல்லோரும் படித்தார்கள். ஒரே ஒரு முடிவை எடுத்துக்கொண்டார்கள். அவ்வளவு பெரிய அளவில் கொடுத்தால்தான் இந்த ஆபத்து, நாம் கொடுக்கும் சின்ன அளவில் ஒன்றும் ஆகாது. ஹாலிஸ்டரின் பரிசோதனையில் அதற்குச் சான்று இல்லை. அவர் சின்ன அளவைச் சோதிக்கவே இல்லை.

அடுத்த இருபது வருஷம் அந்த முடிவு நின்றதற்குக் காரணம் யாருடைய சூழ்ச்சியும் அல்ல என்று நினைக்கிறேன். உபாதையின் முகம் அப்படி. மாத்திரையை நிறுத்தினால் பதற்றம் வருகிறது, தூக்கம் போகிறது. மாத்திரை கொடுத்ததே பதற்றத்துக்கும் தூக்கத்துக்கும்தான். ஆகவே டாக்டர், “பாத்தீங்களா, வியாதி இன்னும் போகல” என்கிறார். திரும்பவும் கொடுக்கிறார். ஒரு மணி நேரத்தில் பதற்றம் தணிகிறது. மருந்து வேலை செய்கிறது என்பதற்கு இதைவிட வேறென்ன சாட்சி வேண்டும்? பெரியம்மாவே இரண்டு மூன்று தரம் நிறுத்திப் பார்த்திருக்கிறார். “ரெண்டு நாள் போடலைன்னா நெஞ்சு படபடன்னு அடிச்சுக்குது. எனக்கு இது வேணும்டா” என்று அவர் சொன்னபோது, நானும் அதை அவருடைய உடம்பின் தேவை என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

பிரிட்டனில் மருந்துகளை மறுபரிசீலனை செய்யும் அரசுக் குழு 1980இல் ஓர் அறிக்கை தந்தது. 1960 முதல் 1977 வரை அந்த நாட்டில் பென்சோடயசெபைனுக்கு அடிமையானவர்களின் எண்ணிக்கை என்று அதில் ஒரு மதிப்பீடு இருக்கிறது. 28 பேர். லட்சக்கணக்கானோர் தினமும் விழுங்கிய பதினெட்டு வருஷத்தில் 28 பேர். அந்தக் குழு அசட்டையான குழுவும் இல்லை. தூக்க மருந்தாக இதன் பலன் சில நாட்களில் இரண்டு வாரத்துக்குள் மங்கிவிடும், நான்கு மாதத்துக்கு மேல் பதற்றத்துக்கு உதவுகிறது என்பதற்குத் தக்க சான்று இல்லை என்றும் அதே அறிக்கை சொன்னது. பலன் தீர்ந்ததை அவர்களால் பார்க்க முடிந்தது. பலன் தீர்ந்த பிறகும் மக்கள் ஏன் சாப்பிட்டுக்கொண்டே இருக்கிறார்கள் என்று கேட்கத்தான் தோன்றவில்லை.

கேட்டவர்கள் நோயாளிகள். அமெரிக்கத் தொலைக்காட்சித் தயாரிப்பாளர் பார்பரா கார்டன், வேலியத்தைச் சட்டென்று நிறுத்தச் சொன்ன ஆலோசனையைக் கேட்டு நிறுத்தி, மனம் சிதறி ஆஸ்பத்திரியில் கிடந்த கதையை 1979இல் புத்தகமாக எழுதினார். அந்த வருஷமே செனட்டர் எட்வர்ட் கென்னடி தலைமையிலான குழு இந்த மருந்துகளைப் பற்றிப் பொது விசாரணை நடத்தியது. 1981இல் லண்டனில் பெட்டுர்சனும் மால்கம் லேடரும், சாதாரண அளவில் நீண்டகாலமாகச் சாப்பிட்டுவந்த 16 பேருக்கு மருந்தைக் குறைத்து நிறுத்தி, கூடவே இருந்து கவனித்தார்கள். பதினாறு பேருக்கும் உபாதை வந்தது. பழைய பதற்றத்தில் இல்லாத புதிய குறிகள் இருந்தன. வெளிச்சம் உறுத்துவது, சத்தம் குத்துவது, வாயில் விநோத ருசி. சில வாரங்களில் அவை தணிந்தன. வியாதி திரும்பியது என்றால் தணியாது. இது மருந்து விட்டுப்போகும் வலி என்பது அப்போதுதான் கையில் பிடித்துக் காட்டப்பட்டது.

1988இல் பிரிட்டனின் மருந்துப் பாதுகாப்புக் குழு, கடுமையான பதற்றத்துக்கு மட்டும், இரண்டு முதல் நான்கு வாரம் மட்டும் என்று வரம்பு போட்டது. ஹாலிஸ்டரின் கட்டுரை வந்து 27 வருஷம் ஆகியிருந்தது.

*

சரி, ஏற்கெனவே பதினான்கு வருஷம் சாப்பிட்டவர் என்ன செய்வது? இந்தக் கேள்விக்குப் பொறுமையாகப் பதில் தேடியவர் ஹெதர் ஆஷ்டன். அவர் பிறந்தது நம் டேராடூனில், 1929இல். அப்பா ஹாரி சாம்பியன் இந்திய வனத்துறையில் இருந்தவர். நம் காடுகளை வகைப்படுத்திய அவருடைய பட்டியலை வனத்துறையில் இன்றும் கையாளுகிறார்கள். மகள் இங்கிலாந்தின் நியூகாஸில் பல்கலைக்கழகத்தில் மருந்தியல் பேராசிரியரானார். 1982 முதல் 1994 வரை, இந்த மாத்திரைகளை விட முடியாதவர்களுக்கென்றே ஒரு கிளினிக் நடத்தினார். சுமார் 300 பேர் வந்தார்கள். டாக்டர் எழுதிக்கொடுத்ததை ஒழுங்காகச் சாப்பிட்டவர்கள்தாம் அவர்கள்.

ஆஷ்டனின் முறை எளிமையானது. திடீரென்று நிறுத்தக் கூடாது. ஒன்று அல்லது இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, அப்போது சாப்பிடும் அளவில் பத்தில் ஒரு பங்கைக் குறைக்க வேண்டும். வேகத்தை நோயாளி தீர்மானிக்கட்டும். மாதங்கள் ஆகலாம், ஒரு வருஷத்துக்கு மேலும் ஆகலாம். அல்பிரசோலம் போலச் சீக்கிரம் வடியும் மருந்தாக இருந்தால், மெதுவாக வடியும் டயசெபாமுக்குப் படிப்படியாக மாற்றிக்கொண்டு குறைப்பது சுலபம். அல்பிரசோலத்தில் பாதி ஏறத்தாழ பன்னிரண்டு மணி நேரத்தில் ரத்தத்திலிருந்து போய்விடும். அடுத்த வேளைக்கு முன்பே உடம்பு ஏங்கத் தொடங்கும். டயசெபாமில் பாதி போக ஒன்றிரண்டு நாள், அதன் வழிப்பொருள் போக இன்னும் பல நாள் ஆகும். அதனால் இறக்கம் சரிவாக இருக்கும்.

அவருடைய கையேட்டில் ஒரு பட்டியல் இருக்கிறது. எந்த மருந்தின் எவ்வளவு, எதன் எவ்வளவுக்குச் சமம் என்று. அதில் அரை மில்லிகிராம் அல்பிரசோலத்துக்கு நேராக டயசெபாம் 10 மில்லிகிராம் என்று போட்டிருக்கிறது. வேறு பட்டியல்களில் இந்தக் கணக்கு கொஞ்சம் மாறும். ஆனால் அந்த வரியைப் பார்த்தபோது என் கை நின்றுவிட்டது. 0.5 என்ற எண்ணைப் பார்த்து, “அரை மில்லிகிராம்தானே” என்று நாங்கள் அலட்சியமாக இருந்தோம். ஒரு நாளைக்கு 20 மில்லிகிராம் வேலியம் என்று யாராவது சொல்லியிருந்தால் தூக்கிவாரிப் போட்டிருக்கும்.

வயதும் கணக்கில் வருகிறது. 1970களில் செய்த ஆய்வில், டயசெபாமில் பாதி உடம்பை விட்டுப் போக இருபது வயதுக்காரருக்கு இருபது மணி நேரம் ஆனது, எண்பது வயதுக்காரருக்குத் தொண்ணூறு மணி நேரம் ஆனது. கல்லீரல் தளர்கிறது, மூளை அதிகமாக அசைகிறது. ராத்திரி போட்டது மறுநாளும் கால்களில் நிற்கும். வயதானவர்கள் விழுந்து இடுப்பெலும்பு முறிவதற்கும் இந்த மாத்திரைகளுக்கும் உள்ள தொடர்பு பல ஆய்வுகளில் வந்திருக்கிறது. பெரியம்மா அன்று நிலைப்படியில் தடுக்கியதற்கு நிலைப்படி மட்டும் காரணமில்லாமல் இருக்கலாம்.

*

சட்டத்தால் மட்டும் இது தீரும் என்றும் தோன்றவில்லை. 1989இல் நியூயார்க் மாநிலம் பென்சோடயசெபைனுக்கு மூன்று பிரதிச் சீட்டைக் கட்டாயமாக்கியது. ஒரு பிரதி அரசுக்குப் போகும். விற்பனை நன்றாகக் குறைந்தது. ஆனால் அதே சமயம் மெப்ரோபமேட், குளோரல் ஹைட்ரேட் போன்ற, அதைவிட ஆபத்தான பழைய மருந்துகளின் விற்பனை கூடியது.

நம் நாட்டில் 2014 மார்ச்சிலிருந்து அல்பிரசோலம், டயசெபாம், நைட்ரசெபாம் எல்லாம் எச்-1 அட்டவணையில் இருக்கின்றன. அட்டையில் சிவப்புக் கட்டம் போட்ட எச்சரிக்கை இருக்க வேண்டும். கடைக்காரர் சீட்டைப் பார்த்து, டாக்டர் பெயர், நோயாளி பெயர், அளவு எல்லாம் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று வருஷம் வைத்திருக்க வேண்டும். நான் 2014க்குப் பிறகும் நான்கு வருஷம் சீட்டில்லாமல் வாங்கியிருக்கிறேன்.

இன்னொரு சிக்கல், தெரியாமலே சாப்பிடுவது. வயிற்றுக் கோளாறுக்கென்று தரும் சில கூட்டு மாத்திரைகளில் குளோர்டயசெபாக்சைடு இருக்கிறது, ஸ்டெர்ன்பாக்கின் அதே லிப்ரியம். மனச்சோர்வுக்கான கூட்டு மாத்திரையில் குளோனாசெபாம் சேர்ந்து வருகிறது. சாப்பிடுபவர் ‘கேஸ் மாத்திரை’ என்பார். தெலங்கானாவின் சில பகுதிகளில் கள்ளிலேயே டயசெபாமும் அல்பிரசோலமும் கலந்து விற்பது நெடுங்கால வழக்கம். அரசு கெடுபிடி செய்து அந்தக் கள் நின்றபோதெல்லாம், குடித்துப் பழகிய கூலிக்காரர்கள் பிதற்றலோடும் வலிப்போடும் ஆஸ்பத்திரிகளுக்கு வந்திருக்கிறார்கள். கலப்படத்தைப் பிடித்தது சரிதான். ஆனால் பழகிய உடம்புகளுக்கு என்ன ஏற்பாடு என்று யாராவது முதலில் யோசித்திருக்க வேண்டும்.

இதையெல்லாம் படித்து நான் வைத்துக்கொண்டிருப்பது கொஞ்சம்தான். ஆரம்பிக்கும்போதே நிறுத்தும் தேதியைக் கேட்டுக்கொள்ள வேண்டும். பல மாதம் சாப்பிட்டவர், இதைப் படித்துவிட்டு இன்றைக்கே தூக்கிப் போட்டுவிடக் கூடாது. நீண்டநாள் உபயோகத்தைவிட உடனடி ஆபத்து திடீர் நிறுத்தத்தில்தான் இருக்கிறது. டாக்டரோடு பேசி, மெதுவாகக் குறைக்க வேண்டும். கூட மது கூடாது. ஆஸ்பத்திரியில் சேரும்போது முதலில் சொல்ல வேண்டிய மருந்து இது. இவ்வளவும் ஒரு சின்னச் சீட்டில் அடங்கும். அது எங்கள் வீட்டில் இல்லை.

*

பெரியம்மாவுக்கு முழுதாக விட ஒரு வருஷமும் இரண்டு மாதமும் ஆயிற்று. ஒரு மனநல மருத்துவர் டயசெபாமுக்கு மாற்றி, கணக்குப் போட்டு இறக்கினார். நடுவில் இரண்டு தடவை, இனி முடியாது என்று அழுதார். இரண்டு தடவையும் மருத்துவர் குறைக்காமல் அதே அளவில் நிற்க விட்டார். “அவசரமே இல்லம்மா, யாரும் பரீட்சை வைக்கல” என்றார். அந்த வாக்கியம் பெரியம்மாவுக்கு மிகவும் பிடித்துவிட்டது.

இப்போது ராத்திரி நாலு மணி நேரம்தான் தூங்குகிறார். மூன்று மணிக்கு எழுந்து ரேடியோ வைத்துக்கொள்கிறார். போன பொங்கலுக்குப் போயிருந்தபோது அப்படி ஒரு மூன்று மணிக்கு நானும் எழுந்து உட்கார்ந்திருந்தேன்.

“உங்க பெரியப்பா கருமாதிக்கு யாரு வந்தா, யாரு என்ன சொன்னா, ஒண்ணுமே ஞாபகமில்லடா எனக்கு,” என்றார். “பாயில உக்காந்திருந்தேன்னு சொல்றாங்க. அழவே இல்லையாம்.”

அது துக்கத்தால் வந்த மறதியா, மாத்திரையால் வந்த மறதியா என்று பிரித்துச் சொல்ல முடியாது. இந்த மருந்து புதிய நினைவுகளைப் பதியவிடாது என்பது உண்மை. அதனால்தான் ஆபரேஷனுக்கு முன்னால் இதன் உறவுக்கார மருந்தைக் கொடுக்கிறார்கள். ஆனால் துக்கமும் அதைச் செய்யும். நான் ஒன்றும் சொல்லவில்லை.

“அந்தப் பத்து நாள் என்னைச் சும்மா விட்டிருந்தா அழுது முடிச்சிருப்பேன்,” என்றார் பெரியம்மா. பிறகு எழுந்து காப்பிக்குப் பாலை அடுப்பில் வைத்தார்.